காற்று வரும் பக்கம் பார்க்கும் பூதம்

விழுப்புரத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். கிள்ளானில் என் பக்கத்து வீட்டுக் காமாட்சி தன் தம்பிக்குக் கொடுத்தனுப்பிய பையை அவர் கையில் சேர்ப்பது. பைக்குள் பதினோரு பாட்டில் தைலம், இரண்டு டின் பிஸ்கட், ஒரு கைலி. சென்னையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து, மலேசியா திரும்ப எனக்கு ஒரு வாரம் மீதி இருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று மாற்றுப் புடவை ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான்கு நாள் ஆகிவிட்டது. காரணம் ஒரு படம்.

காமாட்சியின் தம்பி செல்வமணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வைகாசி வெயில். கடைக்கு வெளியே ஒரு வண்டி நிறையப் பண்ருட்டிப் பலாப்பழம். எங்கள் ஊரில் டுரியான் காலத்தில் தெரு முழுக்க ஒரு வாடை எழும்பும். அதை மணம் என்பவர்களும் உண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு. பலாவில் அந்தச் சண்டை இல்லை. நான்கு சுளை வாங்கித் தின்றபடியே கடைக்குள் நுழைந்தேன். செல்வமணி தைலத்தை எண்ணிப் பார்த்தார், ஒரு பாட்டிலைத் திறந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார், கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். அக்காவையே பார்த்தது போல இருந்தது அவர் முகம்.

அப்போதுதான் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முப்பத்தோரு வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெற்றும் புத்தி மாறவில்லை. எந்தப் படம் கண்ணில் பட்டாலும் கை சிவப்புப் பேனாவைத் தேடும். கல்யாண மண்டபத்தில் மணமக்கள் படத்துக்கே மனத்துக்குள் மதிப்பெண் போட்டுவிட்டு வந்தவள் நான்.

சுவரில் இருந்தது பால்பாயிண்ட் பேனாவில் வரைந்த படத்தின் ஜெராக்ஸ் பிரதி. ஒரு மாடி வீடு. அதன் மொட்டைமாடி மூலையில் ஒரு கம்பி. கம்பியின் உச்சியில், எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த ஒரு பூதத் தலை. பிதுங்கிய கண், முறுக்கிய மீசை, தொங்கும் நாக்கு. தலைக்குப் பின்னால் அகலமான ஒரு தகர வால், மீன் வால் மாதிரி. தகரத்தை இணைத்த ஆணி ஒவ்வொன்றும் படத்தில் இருந்தது. காதுக்குக் கீழே ஒட்டுப் போட்ட இடம் இருந்தது. வாலில் ஒரு நெளிவு. அதற்கு நெருக்கமாகக் கோடு இழுத்து நிழல் போட்டிருந்தார்கள். கீழே யாரும் எழுதிச் சொல்லாமலே இது தகரம், அதுவும் வெயிலில் காய்ந்து உப்புக் காற்றில் அரித்த தகரம் என்று தெரிந்தது. ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து, கண், மீசை, நாக்கு, வால் என்று உயிரியல் பாடத்துத் தவளை மாதிரி பாகம் குறித்திருந்தார்கள்.

அடியில் சின்னதாக இன்னும் மூன்று படங்கள். அதே பூதம், அதே மாடி. காலை 5 மணி: பூதம் வலப்பக்கம் பார்க்கிறது, அங்கே ஒரு புது வீட்டின் கதவு. பகல் 11 மணி: இடப்பக்கம் பார்க்கிறது, அங்கே ரோடு. மாலை 4 மணி: மறுபடியும் அந்தக் கதவு.

காற்றுத்திசைகாட்டி! மேல்நாடுகளில் கூரையின் மேல் தகரச் சேவல் வைப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அலகை நீட்டும். அதைப் புத்தகத்தில் பார்த்துப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நம் ஊரில் சேவலுக்குப் பதில் ஒரு பூதம், காற்று வரும் பக்கம் திரும்பி அதைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது! எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. குறை என்று ஒன்றே ஒன்றுதான். கம்பி நேராக இல்லை, வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இவ்வளவு கவனமான கை இதில் எப்படித் தவறியது என்று நினைத்தேன். இருபதுக்குப் பதினெட்டு.

“யார் வரைஞ்சது தம்பி, இந்த ஓவியம்?”

“ஓவியமா? அது மனு, அக்கா,” என்றார் செல்வமணி. “மாசி மாசம் ஒரு அம்மா வந்தாங்க. ஏதோ ஆபீஸுக்கு மனு எழுதிக்கினு போறாங்க. பக்கத்து வூட்டுக்காரன் மாடில பொம்ம வெச்சிருக்கான், அது என் வாசலயே பாக்குது, எறக்கச் சொல்லுங்கன்னு. மனு எழுதிக் குடுக்கறவரு, வெறுமன சொன்னா யாருக்கும் புரியாது, படம் போட்டுக்கினு வான்னு சொல்லிட்டாரு. வரஞ்சிக்கினு வந்துட்டாங்க. என் மிஷின் அன்னிக்குன்னு பாத்து ஓரத்துல கருப்பு அடிச்சிது. இது வாணாம், வேற போடுன்னு ஒரே பேஜாரு. தூக்கிப்போட மனசு வரல, ஒட்டி வெச்சிட்டேன்.”

படத்தின் கீழே பெயர் இருந்தது: தனலட்சுமி. கிளியனூருக்கு உள்ளே ஒரு கிராமத்தின் பெயரும் இருந்தது. கோபத்தில் வரைந்த படம் என்று தெரிந்தபின் இன்னும் பிடித்துப்போயிற்று. ஆசையாக வரைபவர்கள்கூட ஆணியை எண்ண மாட்டார்கள். அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“பாத்துப் போங்கக்கா, கோவக்காரங்க,” என்று சொல்லி, சுவரிலிருந்து பிரதியைப் பதமாக உரித்து என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் புதன்கிழமை. பேருந்தில் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டேன், திண்டிவனம் போகுமா என்று. போவும் போவும் என்றார். போகத்தான் செய்தது, ஆனால் ஊருக்குள் அல்ல. புறவழிச் சாலையில், ஒரு பாலத்தின் தலைமாட்டில் என்னையும் என் பையையும் இறக்கிவிட்டு, “அப்டியே கீழ எறங்கிப் போங்கம்மா, ஊரு வந்துரும்,” என்று விசில் அடித்துவிட்டார். ஊர் வரவில்லை. வந்தது ஒரு நுங்கு வண்டி. என்னோடு இறக்கிவிடப்பட்ட இன்னொரு பெண்மணி கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போன பேருந்தைப் பார்த்துத் திட்டினார்: “உள்ள போற பஸ்ஸான்னு கேக்கணும்மா. திண்டிவனம் போவுமான்னு கேட்டா எல்லாந்தான் போவும்.” கேள்வியைச் சரியாகக் கேட்காதது என் தப்பு. ஆளுக்கு ஆறு நுங்கு தின்று, ஒன்பது பேர் இருந்த ஷேர் ஆட்டோவில் பத்தாவதும் பதினொன்றாவதுமாக ஊருக்குள் போய்ச் சேர்ந்தோம். கிள்ளானில் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் பெயர் ஒரு வருடம் ஆனாலும் தெரியாது. இங்கே அந்தப் பெண்மணியின் இரண்டு மருமகள்களின் குணமும் பத்து நிமிடத்தில் எனக்கு மனப்பாடம்.

திண்டிவனத்தில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, புதுச்சேரி ரோட்டில் போகும் பேருந்தைப் பிடித்துக் கிளியனூரில் இறங்கி, ஆட்டோ வைத்துக்கொண்டு உள்ளே போனேன். வழி கேட்கத் தேவையே இருக்கவில்லை. கேப்பை வயலைத் தாண்டியதுமே மாடி மேல் அந்தத் தலை தெரிந்தது. ரோட்டைப் பார்த்து நாக்கை நீட்டியபடி இருந்தது. மணி பன்னிரண்டு. படத்தில் இருந்தபடியே.

தனலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, வேகமான பெண்மணி. ரோட்டோரத்தில் பூத வீடு. அதற்குக் கிழக்கே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த, பூட்டிய ஒரு ஓட்டு வீடு. இரண்டுக்கும் தெற்கே தகரக் கூரை போட்ட ஒரு மாட்டுக் கொட்டகை. தனலட்சுமி குடும்பம் இருந்தது கொட்டகையில். ஒரு பாதியில் மாடு, ஒரு பாதியில் கட்டில், அடுப்பு, மயிலத்தில் கல்லூரியில் படிக்கும் மகளின் புத்தக அடுக்கு.

மலேசியாவில் ஓவிய டீச்சராக இருந்தவள், உங்கள் படத்தைப் பார்க்க வந்தேன், மிகவும் அழகாக இருக்கிறது என்றேன்.

“அழகாவா?” என்றார். “அந்த மூஞ்சியா?”

“மூஞ்சி இல்லம்மா. நீங்க வரைஞ்சது.”

“நான் வரஞ்சது அந்த மூஞ்சியத்தான?” என்றவர், நான் வாடிப்போனதைப் பார்த்து இரக்கப்பட்டு, “குந்துங்க டீச்சர். பத்தாவது படிக்கறப்ப கிளாஸ்ல எல்லாருக்கும் நாந்தான் ரெக்கார்டு நோட்டுல படம் போட்டுத் தருவேன். அந்தக் கை,” என்றார்.

ஒரு சொம்பு கேப்பங்கூழும் பச்சை வெங்காயமும் மோர்மிளகாயும் வந்தன. கிள்ளானில் இதைத் தூளாக்கி டப்பாவில் அடைத்து, நீரிழிவுக்கு நல்லது என்று கடையில் விற்கிறார்கள். வாங்கி இரண்டு வருடமாக அலமாரியில் வைத்திருக்கிறேன். இங்கே இரண்டாவது சொம்பு நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கூழ் குடிக்கக் குடிக்கக் கதை வந்தது. பூத வீட்டுக்காரர் ஏழுமலை. தனலட்சுமியின் கணவர் முனுசாமிக்குச் சித்தப்பா மகன். திண்டிவனத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். புது வீட்டில் திருஷ்டி பொம்மை தொங்கவிடுவது எல்லோரும் செய்வதுதான். ஏழுமலை பட்டறைக்காரர் இல்லையா? திருஷ்டி ஒரு பக்கமிருந்தா வருகிறது, நாலா பக்கமிருந்தும் வருகிறதே என்று யோசித்து, பொம்மைக்கு அடியில் ஒரு பழைய பேரிங்கைப் பொருத்திவிட்டார். நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கட்டும் என்று. ஆனால் பொம்மை நாலு பக்கமும் பார்க்கவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தது. வயலுக்கு மருந்தடிப்பவர்கள் இப்போது அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் நின்று அடிப்பது என்று முடிவு செய்கிறார்களாம். ஊருக்கு லாபம்.

தனலட்சுமிக்கு மட்டும் நஷ்டம். பொம்மை தன் வீட்டுக்கு வரும் கெட்ட கண்ணை வாங்கி, தான் பார்க்கும் பக்கம் எறிந்துவிடும் என்பது இங்கே நம்பிக்கை. கடல் கிழக்கே. தினமும் பிற்பகல் கடல் காற்று எழும்பியதும் பொம்மை திரும்பி தனலட்சுமியின் புது வீட்டு வாசலைப் பார்க்கும்.

“தையில வூடு முடிஞ்சிது டீச்சர். பால் காய்ச்சலாம்னு பாத்தா, அது வாசலயே மொறச்சிக்கினு நிக்குது. அந்த வாசல்ல நான் எப்படி கால் வெப்பேன்? எறக்குன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டான். மனு குடுத்தேன். ஒறவுக்காரங்கதான, பேசித் தீத்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க. நாலு மாசமா பேச்சு இல்ல.” கை புது வீட்டுப் பக்கம் நீண்டது. “வெள்ளிக்கெழம கடைசி முகூர்த்தம். விடிகாலம் அஞ்சரையிலேருந்து ஆறு. அத உட்டா ஆனி, ஆடில பால் காய்ச்சக் கூடாது. அப்பறம் ஆவணிதான். அதுக்குள்ள மழ வந்தா இந்தக் கொட்டாய்ல மாடு நனையும், நாங்க நனைவோம், பொண்ணு புஸ்தகம் நனையும்.”

“விடியற்காலையில கடல் காற்று இருக்காதே. அப்போ அது வேற பக்கம் பார்க்குமே?”

“அதான் இல்ல. காத்தே இல்லன்னாலும் என் வாசலத்தான் பாக்குது. படத்துல போட்டேனே, அஞ்சி மணின்னு. அவன் காத்துதான் திருப்புதுங்கறான். அசையாத காத்து எப்படித் திருப்பும்?”

மூன்று மணி வாக்கில் தென்னை ஓலைகள் அசைந்தன. மாடி மேல் கிர்ர் என்று ஒரு சத்தம். பூதம் மெதுவாகத் திரும்பி, புது வீட்டுக் கதவுக்கு நேராக வந்து நின்றது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. கம்பி உண்மையாகவே சாய்ந்துதான் இருந்தது, கிழக்குப் பக்கமாக. அந்த அம்மா இருந்ததை இருந்தபடி வரைந்திருக்கிறார். வெட்கத்தோடு அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது முனுசாமி வயலிலிருந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். “வெள்ளிக்கெழம வாங்கம்மா,” என்று மட்டும் சொன்னார். தனலட்சுமி, “வாங்க டீச்சர். அது ரோட்டப் பாத்துதுன்னா பால் குடிக்கலாம். வாசலப் பாத்துதுன்னா இதே கூழுதான்,” என்றார்.

வியாழக்கிழமை காலை திண்டிவனத்தில் இரண்டு தோசையும் ஒரு நல்ல காபியும் முடித்துவிட்டு, வேலையற்ற வேலையாக ஏழுமலையின் பட்டறையைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் நடுவே போய் நிற்பது என் பழக்கம். சில சமயம் அடி எனக்கும் விழும்.

ஏழுமலை தனலட்சுமியைவிட ஏழெட்டு வயது சின்னவர். சிரித்த முகம். பொம்மையைப் பார்த்தேன், பிரமாதம் என்றதும் மெஷினை நிறுத்திவிட்டார். மீசை எதில் செய்தது தெரியுமா, பைக் கிளட்ச் ஒயர். கண் இரண்டும் பேரிங் குண்டு. நாக்கு, லாரிக்குப் பின்னால் ஒட்டும் சிவப்பு மின்னல் பட்டை. தலையில் கனம் வேண்டும் என்று உள்ளே ஒரு இரும்புத் துண்டு வைத்து வெல்டு அடித்தாராம். செய்த பொருளைப் பற்றி இப்படி ஆசையாகப் பேசுகிறவரை வெறுக்க முடியாது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அதில்தான் சங்கடம்.

இறக்கக் கூடாதா என்று கேட்டேன்.

முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. இடது கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. “வூடு கட்டி மூணாம் மாசம் மிஷின்ல மாட்டிக்கிச்சிம்மா. அதுக்கப்பறந்தான் பொம்ம வெச்சேன். ஒண்ணும் ஆவல. எறக்கினா அடுத்தது இன்னா போவும்னு யாருக்குத் தெரியும்? எனக்கும் பயம் இருக்குதில்ல?”

“உங்க அண்ணிக்கும் அதே பயந்தானே?”

“தப்பு என்னுதுதான். மொத வாட்டி அவங்க வந்து சொன்னப்ப, காத்து மேல கேசு போடுங்க அண்ணின்னு சொல்லிட்டேன். சிரிச்சிக்கினுதான் சொன்னேன். அவங்க மெய்யாலுமே மனு எழுதிக்கினு போயிட்டாங்க.”

அவர் படத்தைப் பார்த்ததே இல்லை. பையிலிருந்து பிரதியை எடுத்துக் கொடுத்தேன். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை மெஷின் மேல் விரித்தார். விரலால் ஆணிகளை எண்ணினார்.

“பதினாலு. கரெக்டா போட்டிருக்காங்க,” என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு கம்பியில் விரல் நின்றது. ஒரு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். “இது மட்டும் தப்பு. கம்பி சாயல. தூக்குகுண்டு உட்டுப் பாத்து நட்டேன்.”

“சாய்ஞ்சிருக்கு தம்பி. நேற்று என் கண்ணால பார்த்தேன். கொட்டகையிலிருந்து பார்த்தா நல்லாத் தெரியுது.”

“நான் தினம் பாக்கறேனே, நேராத்தான் இருக்குது.”

“நீங்க ரோட்டிலிருந்து பார்ப்பீங்க. கம்பி உங்களை விட்டு விலகி அந்தப் பக்கமா சாய்ஞ்சிருக்கு. நேரா நிற்கிற மாதிரிதான் தெரியும்.”

இதை நான் ஓவியப் பாடமாகத்தான் சொன்னேன். அவர் அதைப் பட்டறைப் பாடமாக எடுத்துக்கொண்டார். ஒரு கம்பியை இடுக்கியில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஒரு பேரிங்கைச் செருகி, அதன் ஒரு பக்கம் கனமான நட்டு ஒன்றைக் கட்டிச் சுற்றிவிட்டார். சுற்றி நின்றபோது நட்டு சாய்ந்த பக்கம் வந்து நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடியும் அங்கேயே நின்றது.

“கார்த்திகப் புயல்ல சாஞ்சிருக்கும்,” என்றார் மெல்ல. “தலைல கனம் வெச்சது நாந்தான். அப்ப காத்து இல்லாதப்பல்லாம் அவங்க வாசல் பக்கந்தான் வந்து நின்னிருக்கும்.” படத்தின் அடியில் காலை 5 மணி என்ற சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறக்கிடுவீங்களா?” என்றேன்.

“எறக்க மாட்டேம்மா,” என்றார். படத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஷினை ஓடவிட்டார். என்னைக் கேட்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சமாதானம் பேசப் போன இடத்தில் இருந்த ஒரே பிரதியையும் பறிகொடுத்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினேன். என் மேல் எனக்கே கோபம். யாரோ வீட்டுப் பொம்மை, யாரோ வீட்டு வாசல், இதில் கிள்ளான்காரிக்கு என்ன வேலை?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஆட்டோ என்னைப் புது வீட்டு முன்னால் இறக்கிவிட்டது. கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். உள்ளே மூன்று செங்கல் வைத்து அடுப்பு. பக்கத்தில் புதுப் பித்தளைப் பானை. அய்யர் வந்திருந்தார். உறவுக்காரர்கள் பத்துப் பேர். எல்லோரும் புதுத்துணியில் இருந்தார்கள். ஒருவர்கூட வாசலைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஓலை அசையவில்லை. பூதம் கதவுக்கு நேராகப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

பட்டுப்புடவையில் வந்த தனலட்சுமி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வீடு கட்டியதில் மிஞ்சிக் கிடந்த மணல் மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, வாம்மா,” என்றாள் மகள்.

“எனக்குத் தெரியும்,” என்றார் தனலட்சுமி. கோபக்காரர் என்றார்களே, அழுதுகொண்டிருந்தார். முனுசாமி தலைகுனிந்து நின்றார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை.

“நேரம் ஆரம்பிச்சாச்சு, ஜல்தி வாங்க,” என்றார் அய்யர்.

அப்போது ஏழுமலை தன் மாடிக்கு ஏறி வந்தார். கையில் பெரிய ஸ்பேனர். யாரையும் பார்க்கவில்லை. கம்பியின் அடியில் குந்தி, நட்டில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். கம்பியை நிமிர்த்தப் பார்க்கிறார் என்று எனக்கு மட்டும் புரிந்தது. நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார், தட்டினார், காலால் உதைத்தார். இரண்டு வருட உப்புக் காற்று அந்த நட்டை நன்றாகப் பிடித்து வைத்திருந்தது. மணி ஐந்து நாற்பது ஆயிற்று. ஐந்து ஐம்பது ஆயிற்று.

ஸ்பேனரைக் கீழே போட்டார். எழுந்து, தகர வாலைப் பிடித்துப் பூதத்தைச் சுற்றித் திருப்பினார். அது ரோட்டைப் பார்த்தது. கையை எடுத்தார். கிர்ர் என்று திரும்பி வந்து, பழையபடி வாசலைப் பார்த்தது. கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். மறுபடி திருப்பினார். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. வாலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, தன் கண்ணும் இந்தப் பக்கம் படக் கூடாது என்பது போல முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

தனலட்சுமி மணலிலிருந்து எழுந்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். அந்த முதுகை ஒரு முறை பார்த்தார். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பால் பொங்கி, பானை விளிம்பு தாண்டி அடுப்பில் வழிந்தது. “பொங்கிடுச்சி!” என்று மகள் கத்தினாள். நான் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினேன். சாமிக்குப் படைத்ததும், தனலட்சுமி ஒரு டம்ளர் பாலோடு வெளியே வந்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“தம்பி, பொங்கிடுச்சி. உட்டுட்டு எறங்கி வா.”

ஏழுமலை திரும்பவில்லை. “அய்யரு மந்திரம் முடிக்கட்டும் அண்ணி. உட்டா திரும்பிக்கும்.”

தனலட்சுமி நாலு மாதமாக மிதிக்காத ஏழுமலை வீட்டு வாசலைத் தாண்டி, டம்ளரோடு படியேறி மாடிக்குப் போனார். கீழேயிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளரை நீட்டினார். ஏழுமலைக்கு இரண்டு கையும் வாலில் இருந்தன. வாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. எனக்குக் கண் கலங்கி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. தனலட்சுமியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“ஆறிப் போயிரும், குடி. நான் புடிச்சிக்கிறேன்.”

ஏழுமலை பால் குடித்து முடிக்கும்வரை, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, அந்தத் தகர வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார் தனலட்சுமி.